குடைக்காரர் கேட்ட வழியில் அம்மா

எங்கள் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இன்று அவர் படத்துக்குப் பூப்போட வந்திருக்கும் உறவினர்கள், கம்பெனித் தோழிகள், தெருக்காரர்கள் அனைவருக்கும் மகளாகிய என் வணக்கம். இந்த நினைவு மலரில் எழுத வேண்டியவர் அண்ணன் குமரேசன்தான். "எனக்கு எழுத வராது, நீயே எழுது. ஆனா நடந்தத ஒண்ணு விடாம எழுது" என்று சொல்லிவிட்டார். நடந்தது என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் இரண்டு பொருள். அம்மாவுக்கு நடந்ததையும் எழுதுகிறேன், அம்மா நடந்ததையும் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது மாதனூருக்குக் கிழக்கே, பாலாற்றின் தென்கரையில் ஒரு சிற்றூரின் காலனியில். தாத்தா கூலி வேலைக்குப் போனவர். ஐந்து பிள்ளைகளில் அம்மா மூன்றாவது. பள்ளிக்கூடம் போகாத நேரமெல்லாம் ஆடு மேய்த்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினெட்டு வயதில் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல் பிரிவில் சேர்ந்து, ஐம்பத்தெட்டு வயதுவரை அதே தொழிலில் இருந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த அப்பாவை மணந்து ஆம்பூருக்கு வந்தார். தோல் ஊறப்போடும் மருந்து அப்பாவின் கைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் புண்ணாகி, இரண்டு ஆண்டுகள் அவர் வீட்டில் இருக்க நேர்ந்தது. அப்போது அம்மா ஓவர்டைம் பார்த்துத்தான் எங்கள் இருவரையும் படிக்கவைத்தார். அண்ணன் இன்று ஒரு கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். நான் வேலூரில் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன்.

கஷ்டப்பட்ட கதை நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் இருக்கிறது. அம்மாவிடம் இருந்த இரண்டு பழக்கங்களை மட்டும் சொல்கிறேன். தான் தைத்தது கோணலாகப் போயிருந்தால், செக்கிங் மேசைக்குப் போகும் முன்பே தானே எடுத்துப் பிரித்துவிடுவார். யாராவது கண்டுபிடிக்கட்டும் என்று விடமாட்டார்.

அடுத்தது, அவர் படிப்பார். ஞாயிற்றுக்கிழமை கிளை நூலகத்துக்குப் போய் ஒரு புத்தகம் எடுத்துவருவார். அதை மதிய உணவு நேரத்தில், சாப்பிட்டு முடித்த பத்து நிமிடத்தில், வரிசையில் இருக்கும் பெண்களுக்குப் படித்துக் காட்டுவார். இதை இன்றும் நினைவு வைத்திருப்பவர் அம்மாவின் பக்கத்து மெஷினில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்த ஷமீம் ஆன்ட்டி.

அப்படி ஒருநாள் எடுத்துவந்த புத்தகம்தான் எங்களை ஆற்றில் இறக்கியது. ஒரு பெரிய எழுத்தாளர் வாணியம்பாடியிலிருந்து வாலாஜாபேட்டை வரை பாலாற்றங்கரையோடு ஆறு நாள் தனியாக நடந்து, பார்த்ததையெல்லாம் எழுதிய நூல். அவர் பெயரைச் சொன்னால் உங்களில் பலருக்குத் தெரியும். ஆனால் அம்மா ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. தோளில் பையும் கையில் குடையுமாக நடந்ததாக அவரே எழுதியிருப்பதால், அம்மாவுக்கு அவர் 'குடைக்காரர்'. நானும் அப்படியே எழுதுகிறேன்.

"தினம் நாலு பக்கம் படிப்பா. ஒருநாளு மூணாம் பக்கத்துல கப்புனு நிறுத்திட்டா" என்பார் ஷமீம் ஆன்ட்டி. "இன்னா தோஸ்து, மேல படின்னேன். பெல் அடிக்கறதுக்கு முன்னாடியே போய் மெஷின்ல உக்காந்துட்டா."

ஏன் நிறுத்தினார் என்பது எங்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் தெரியாது. அந்த நூலைப் பிறகு சொந்தமாக வாங்கி வைத்துக்கொண்டார் என்பது மட்டும் தெரியும்.

ஓய்வு பெற்ற சில மாதங்களில் அம்மாவுக்கு இதயத்தில் ஒரு வால்வு சுருங்கியிருப்பது தெரியவந்தது. மருந்தோடு இருக்கலாம், கவனித்துக்கொண்டே வருவோம் என்றார் டாக்டர். அந்த வாரம் நான் ஊருக்குப் போயிருந்தபோது, எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

"இந்தப் பக்கத்த சத்தமா படி."

படித்தேன். மாதனூர் தாண்டி, ஓர் ஓடை ஆற்றில் சேரும் இடத்தில் கரைவழி அறுந்துபோகிறது. குடைக்காரர் அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியிடம் பள்ளிகொண்டாவுக்கு வழி கேட்கிறார். அவள் தயங்காமல் அக்கரையைக் கைகாட்டுகிறாள். அவர் இடுப்பளவு நீரில் இறங்கி அக்கரை போய், முள்காட்டில் மாட்டி, குறிப்பு நோட்டு நனைந்து, ஒரு பகல் முழுதும் அலைகிறார். அந்தச் சிறுமி விளையாட்டுக்குப் பொய் சொன்னாளோ என்று எழுதி, குழந்தைதானே என்று அவரே மன்னித்தும் விடுகிறார்.

"அந்தப் பொண்ணு நான்தான்" என்றார் அம்மா.

அப்பா சிரித்தார். "இன்னாமே, பாலாத்துல ஆடு மேய்க்காத பொண்ணு யாரு?"

"அவரு செருப்பு வாரு அறுந்துபோச்சு. குடைய என் கையில குடுத்துட்டு, உக்காந்து முடிச்சு போட்டாரு. அதுவும் எழுதியிருக்காரு. முந்தின பக்கத்த திருப்பிப் பாரு."

திருப்பினேன். இருந்தது. உயரத்துக்குப் பொருந்தாத குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அந்தச் சிறுமி நின்றாள் என்று இருந்தது. ஒரு நூலுக்குள் என் அம்மா ஒன்பது வயதில் நின்றுகொண்டிருக்கிறார்.

அண்ணன்தான் கேட்டார். "அப்பறம் ஏம்மா தப்பா வழி சொன்ன?"

"தப்பா சொல்லலடா. நாங்க போற வழியத்தான் சொன்னேன்."

பிறகு அம்மா விளக்கினார். ஓடையைத் தாண்ட முடியாவிட்டால் மேலே ஏறி, ஊர்த்தெரு வழியாக வண்டிப்பாதைக்குப் போய், நேராகப் பள்ளிகொண்டா போகலாம். அதுதான் எல்லோருக்கும் வழி. காலனிக்காரர்களுக்கு இல்லை. அந்தத் தெருவில் அவர்கள் நடப்பதில்லை. தவிர்க்க முடியாமல் நடந்தால் செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே பள்ளிகொண்டா சந்தைக்குப் போக வேண்டுமானால் ஆற்றைக் கடந்து, அக்கரையோடு கீழே போய், ஒரு பாறை இருக்கும் இடத்தில் மறுபடி இக்கரை வருவார்கள். அந்தப் பாறையைக் குடைக்காரர் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டார்.

"ஊர்த்தெரு வழியா போவலாம்னு எனக்கு தோணவே இல்ல. நான் அதுல போனதே இல்லையே" என்றார் அம்மா. "பொய்யி சொல்லிட்டேன்னு அவரு நெனச்சிக்கினே செத்துட்டாரு. உயிரோட இருந்திருந்தா வீடு தேடிப் போய் சொல்லியிருப்பேன். இப்ப இன்னா பண்றது? அவரு நடந்த வழியில ஒரு தபா நடந்துடணும்."

அண்ணன் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "டாக்டர் சொன்னது காதுல வுழலியா?" என்று கோபித்துக்கொண்டார். அம்மா வாதாடவில்லை. அண்ணனையே டாக்டரிடம் கூட்டிப்போய் உட்காரவைத்தார். சமதரையில் மெதுவாக நடக்கலாம், மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிட வேண்டும், ஒருநாளைக்கு மிகுதியாகப் போகக் கூடாது என்றார் டாக்டர். வெளியே வந்த அண்ணன் போனில் வரைபடத்தைத் திறந்து, வழியைத் துண்டு போட ஆரம்பித்துவிட்டார். பொங்கல் விடுமுறையில் நான்கு நாள், பிறகு ஆறு ஞாயிறு. காலையில் பஸ்ஸில் போய் விட்ட இடத்திலிருந்து நடப்பது, சாயங்காலம் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடுவது.

"குடைக்காரரு தினம் பஸ்ஸு ஏறி வீட்டுக்கா போனாரு?" என்று கேட்டவர் அப்பா. முதல் ஆளாகக் குடை வாங்கிவந்தவரும் அவரே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் போகி அன்று, புகை கலையாத காலையில், வாணியம்பாடிப் பாலத்தடியில் ஐந்து பேர் நின்றோம். அம்மா, அப்பா, அண்ணன், நான், "என்ன வுட்டுட்டு போய்டுவீங்களா?" என்று முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்ட ஷமீம் ஆன்ட்டி. அண்ணி கைக்குழந்தையோடு வர முடியவில்லை. பத்து நாளும் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தது அவர்தான்.

அந்த நாட்களில் நாங்கள் இருந்த பரபரப்பை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அம்மா நூலைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நடப்பார். அதில் வரும் ஒவ்வொன்றையும் தேடுவோம். கரையோரக் கல் மண்டபம் ஒன்று, புதருக்குள் முக்கால்வாசி மறைந்து, அப்படியே இருந்தது. முதலில் பார்த்தவர் அண்ணன். "ம்மா, இருக்குது, இருக்குது" என்று சின்னப் பிள்ளை மாதிரி ஓடினார். அம்மா அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு டிக் போட்டார். குடைக்காரர் குளித்த கிணற்றைக் காணோம், அங்கே செருப்புக்கு அடிப்பாகம் செய்யும் ஒரு கம்பெனியின் சுற்றுச்சுவர் இருந்தது. அதற்கும் ஒரு சிறு குறி. ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் எடுத்த பள்ளங்களும் வேலிகாத்தான் முள்ளும்தான். காற்று திரும்பும்போது தோல் ஷாப் வாசனை வரும். "நம்ம வூட்டு சாம்பிராணி" என்பார் அப்பா.

பொங்கலன்று வீட்டில் பொங்கி இறக்கிவிட்டு, பத்து மணிக்குமேல் கிளம்பி, விட்ட இடத்திலிருந்து ஆம்பூர் வரை நடந்தோம். எங்கள் தெருவே திரண்டு வந்து ஆற்றோரம் காத்திருந்தது. அப்பா சந்தேகம் எழுப்பினார்.

"ஆம்பூர்ல அவரு பிரியாணி சாப்ட்டாரான்னு பாரு."

அம்மா புரட்டிப் பார்த்தார். "இட்லி சாப்ட்டதா போட்டிருக்குது."

"அப்ப அவரு ஆம்பூருக்கு வரவே இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் அப்பா. ஷமீம் ஆன்ட்டி சிரித்த சிரிப்பு தொற்றிக்கொண்டு, அம்மா உட்கார இடம் தேட வேண்டியதாயிற்று.

நான்காம் நாள் காணும் பொங்கல். மாதனூரைத் தாண்டி அந்த ஓடை சேரும் இடத்துக்குக் காலை எட்டரை மணிக்கு வந்தோம். அம்மா அதுவரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், ஒரு வேப்பமரத்தருகே நின்றார்.

"இங்கதான்."

இடப்பக்கம் வெறும் மணல், அதற்கப்பால் அக்கரை முள்காடு. எதிரே ஓடை. வலப்பக்கம் மேடேறினால் காலனி, அதைத் தாண்டி ஊர்த்தெரு. அண்ணன் பையை இறுக்கிக்கொண்டு மணலில் இறங்கப் போனார். நூலின்படி அதுதானே வழி.

"டேய், நில்லு. அவரு போன வழிதான் எனக்கு தெரியுமே. அவரு கேட்ட வழியில போவோம்" என்றார் அம்மா.

மேடேறினோம். காலனியில் எங்கள் பெரிய மாமா வீட்டில் தண்ணீர் குடித்துவிட்டு, ஊர்த்தெரு முனைக்கு வந்தோம். அம்மா காலில் நான் வாங்கிக் கொடுத்த ஷூ. தெருமுனையில் அவர் குனிந்தார். கழற்றப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கயிற்றை அவிழ்த்து, இறுக்கி, மறுபடி கட்டினார். நிமிர்ந்து முதல் ஆளாக உள்ளே நடந்தார்.

அது ஒரு சாதாரணத் தெரு. சிமென்ட் வீடுகள், வாசலில் கலர்க் கோலம், கடித்துப் போட்ட கரும்புச் சக்கை, உள்ளே டிவி சத்தம். எண்பது, நூறு தப்படிதான் இருக்கும். பாதித் தெருவில், ஒரு மளிகைக் கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் கேட்டார்.

"யாரும்மா நீங்கல்லாம்? எந்த ஊரு?"

"இந்த ஊருதாண்ணா" என்ற அம்மா, தாத்தாவின் பெயரைச் சொல்லி, "காலனியில அவரு பொண்ணு" என்றார்.

பெரியவர் அம்மாவைப் பார்த்தார். காலைப் பார்த்தார். "எங்க போறீங்க?"

"பள்ளிகொண்டாவுக்கு."

"காலனி பக்கமாவே ரோடு போட்டுட்டாங்களே. பஸ்ஸு வருது இப்ப."

"தெரியும்ணா. இப்படிக்கா நடந்து பாக்கலாம்னு வந்தோம்."

அண்ணன் கை முஷ்டியாவதை நான் பார்த்தேன். பெரியவர் கடைக்குள் திரும்பி, "தண்ணி இருந்தா குடு, வெயில்ல போறாங்க" என்றார். ஒரு பெண் ஃபிரிட்ஜிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துவந்து நீட்டினார். அம்மா வாங்கிக் குடித்து, எங்களுக்கும் கொடுத்தார். பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, "வெச்சிக்கோங்க, வழிக்கு ஆவும்" என்றார் அந்தப் பெண்.

தெரு முடிந்து வண்டிப்பாதையில் ஏறியதும் அண்ணன் பொருமினார். "சொம்புல குடுக்காம பாட்டில்ல குடுத்தாங்க, பாத்தியா? திருப்பி வாங்கல, பாத்தியா?"

"உங்க வூட்லயும் பாட்டில்லதானடா குடிக்கிறீங்க?" என்றார் அம்மா. "அது இன்னா நெனச்சி குடுத்துச்சோ. எனக்கு தாகமா இருந்துச்சு."

அந்தப் பெண்ணின் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் தெரியாது. அம்மாவின் முகத்தில் இருந்தது தெரியும். அதுவரை நான் பார்த்திராத ஒரு துள்ளல். "எவ்ளோ கிட்டக்க பாரு, எவ்ளோ கிட்டக்க பாரு" என்று சொல்லிச் சொல்லி நடந்தார். குடைக்காரர் ஒரு பகல் அலைந்த தூரத்தை வெயில் உச்சிக்கு ஏறும் முன் முடித்து, பள்ளிகொண்டா கோபுரத்தைப் பார்த்துவிட்டோம்.

அந்த வேகத்தின் பலனையும் மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளிகொண்டா எல்லையில் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. உதடு வெளுத்தது. ஒரு புளியமரத்தடியில் உட்காரவைத்து நாடி பார்த்தேன். ஷமீம் ஆன்ட்டி முந்தானையால் விசிறிக்கொண்டே வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். அப்பா குடையைப் பிடித்தபடி நின்றார். கால்மணி நேரத்தில் சரியாயிற்று. அன்றே வேலூரில் டாக்டரிடம் காட்டினோம். புதிதாக ஒன்றும் இல்லை, ஓடாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். அண்ணன் அடுத்த இரண்டு ஞாயிறு யாரையும் வெளியே விடவில்லை. மூன்றாம் ஞாயிறு காலையில் அம்மா ஷூவைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அண்ணன் என்ன செய்வார்?

விரிஞ்சிபுரத்தில் வழித்துணைநாதரைக் கும்பிட்டோம். வழிக்குத் துணை வருகிற சாமி என்று பெயர் கேட்டதுமே ஷமீம் ஆன்ட்டி, "இவரு நம்ம கட்சி" என்று சொல்லி வெளியில் எங்கள் செருப்புகளுக்குக் காவல் இருந்தார். வேலூரில் என் வீட்டில் எல்லோருக்கும் விருந்து. ஆற்காட்டில் மக்கன் பேடா வாங்கி, நடந்துகொண்டே தின்றோம். வாலாஜாபேட்டைக்கு வந்து சேர்ந்தது மாசி மாதக் கடைசி ஞாயிறு. குடைக்காரர் அங்கே ஒரு டீ குடித்துவிட்டு பஸ் ஏறியதோடு அவர் நூல் முடிகிறது. நாங்களும் பஸ் நிலையத்தருகே டீ சொன்னோம். அம்மா என்னிடம் பேனா வாங்கி, அந்தச் சிறுமி வரும் பக்கத்தைத் திருப்பி, ஓரத்தில் எழுதினார்:

"ஐயா, நான் பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இப்போது இரண்டு வழியும் தெரியும்."

கீழே தன் பெயரையும் தாத்தா பெயரையும் போட்டார். அந்தப் பக்கத்தைப் படமெடுத்து இம்மலரின் பின்னட்டையில் அச்சிட்டிருக்கிறோம்.

அதன்பின் ஓராண்டு அம்மா நன்றாக இருந்தார். கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் பத்து நாளைச் சொன்னார். கேட்காதவர்களுக்கும் சொன்னார். பிறகு ஒரு பரிசோதனையில் சுருக்கம் கூடியிருந்ததால் வால்வு அறுவைக்கு நாள் குறித்திருந்தோம். அதற்கு மூன்று நாள் இருக்கையில், காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தவர், "ஒரு மாதிரியா இருக்குது" என்று அப்பாவின் தோளில் சாய்ந்தார். மருத்துவமனை போய்ச் சேரும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

நடக்கவைத்தே கொன்றுவிட்டார்கள் என்று உறவில் சிலர் பேசியது எங்கள் காதுக்கும் வந்தது. அண்ணன் பல இரவுகள் தூங்கவில்லை. நான் டாக்டரிடம் போய் நேராகக் கேட்டேன். நடந்ததால் வந்ததில்லை இது என்று அவர் தெளிவாகச் சொன்னார். இங்கே எழுதுவது அண்ணனுக்காக. அண்ணா, நீ வழியைத் துண்டு போட்டுத் தராமல் இருந்திருந்தால் அம்மா தனியாகக் கிளம்பியிருப்பார். உனக்கும் தெரியும்.

அம்மாவின் இறுதி நாளில் கம்பெனியில் சொல்லிக்கொண்டு ஓடிவந்த தையல் பிரிவுப் பெண்களுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பை எரியவிடாமல் தன் வீட்டிலிருந்தே சமைத்து அனுப்பிய ஷமீம் ஆன்ட்டிக்கும், ஆம்புலன்ஸுக்குக் காத்திராமல் தன் ஆட்டோவில் அம்மாவைக் கொண்டுபோன எதிர்வீட்டு அண்ணனுக்கும், அறுவைக்கு ரத்தம் தருவதாகப் பெயர் கொடுத்திருந்த தெருப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அம்மா பிறந்த ஊரிலிருந்து இன்று ஒரு வேன் நிறைய வருகிறீர்கள். காலனியிலிருந்து வருபவர்களோடு ஊர்த்தெருவிலிருந்து நான்கு பேர் வருவதாக அண்ணன் சொன்னார். எல்லோருக்கும் நன்றி.

படைத்து முடித்ததும் மாடியில் இலை போடுகிறோம். இடம் கொஞ்சம் நெருக்கம்தான், இருந்தாலும் ஒரே பந்தியாகத்தான் போடச் சொல்லியிருக்கிறார் அப்பா. யார் பக்கத்தில் இடம் கிடைக்கிறதோ அங்கே உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள்.